பனியன் கணக்கு மென்பொருளுக்கு உதவிப் பக்கங்கள் எழுத, கைக்கு அடக்கமான கருவி எது?

நூல்கண்டு:

வணக்கம். திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்து விற்கும் சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நிரல் எழுத மூன்று பேர், வாடிக்கையாளர் இடத்துக்குப் போய் நிறுவித் தர இரண்டு பேர், தொலைபேசி எடுக்க நான். பி.காம். படித்தவள். நிரல் தெரியாது, ஆனால் எங்கள் மென்பொருளின் எந்தத் திரையில் எது இருக்கிறது என்று அதை எழுதியவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் உதவிப் பக்கங்கள் எழுதும் வேலை என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

இப்போது இருப்பது ஒரே ஒரு வேர்ட் கோப்பு, 180 பக்கம். முற்பாதியை யாரோ பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், பிற்பாதி யூனிகோடு. அதை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ஒருவரும் படிப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றிய வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது, ஜாப் ஒர்க் செலான் (வெளியே வேலைக்கு அனுப்பும் சரக்குக்கான சீட்டு) போடத் தெரியவில்லை என்றால், எந்தப் பையன் 180 பக்கத்தைப் புரட்டுவான்? என்னைத்தான் கூப்பிடுவான்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியபோது இந்தக் கையேட்டின் லட்சணம் முழுதாகத் தெரிந்தது. அதுவரை ஆயிரம் ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. மென்பொருளில் ஓர் அட்டவணையைத் திருத்தினார்கள், வேலை முடிந்தது. கையேட்டிலோ அந்த 12 சதவீதம் ஐட்டம் மாஸ்டரில் இருக்கிறது, விற்பனை பில்லில் இருக்கிறது, கிரெடிட் நோட்டில் இருக்கிறது, ஏதோ ஓர் அடிக்குறிப்பில் ஒளிந்துகொண்டும் இருக்கிறது. திரைப் படங்களில் இருக்கும் 12 வேறு.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். எஃப்1 பொத்தானை அழுத்தினால் அந்தத் திரைக்கான பக்கம் திறக்க வேண்டும். தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும். பல பின்னல் கூடங்களில் கணினிக்கு இணையமே கிடையாது, அங்கேயும் ஓட வேண்டும். வரி விகிதம் போன்றவற்றை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாற வேண்டும். அச்சடித்துக் கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு பிடிஎஃப். முதலாளி வருடத்துக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். அதையும் செலவழிக்காமல் விட்டால் மகிழ்ச்சி அடைவார் என்பது முகத்தில் தெரிகிறது.

மேட்கேப் ஃபிளேர், அடோபி ரோபோஹெல்ப், ஹெல்ப் அண்ட் மேனுவல், ஹெல்ப்என்டாக் என்று பெயர்கள் மட்டும் சேகரித்து வைத்திருக்கிறேன். எங்கள் நிரலர் ஒருவர், "மைக்ரோசாப்டின் எச்டிஎம்எல் ஹெல்ப் ஒர்க்ஷாப் இலவசம்தானே, சிஎச்எம் கோப்பாகச் செய்துவிடுங்கள்" என்கிறார். தமிழில் உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பீட்டுப் பட்டியல்கள் வேண்டாம், அவற்றைப் படித்துத்தான் இங்கே வந்தேன்.

*

அந்தக்கால விண்டோஸ்:

அம்மா, அந்த நிரலரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்: சிஎச்எம் வேண்டாம். அது விண்டோஸ் உதவிக் கோப்புகளுக்கு 1997இல் வந்த வடிவம். அதன் பக்கங்கள் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் இருந்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதைப் பார்த்து எல்லோரும் ஏமாந்துவிடுகிறார்கள். இடப்பக்கம் வரும் பொருளடக்கமும் சொல்லடைவும் யூனிகோடு அறியாதவை. அவை விண்டோஸின் பழைய குறியீட்டுப் பக்கங்களை (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணைகளை) நம்பி இருப்பவை, தமிழுக்கு அப்படி ஒரு குறியீட்டுப் பக்கத்தை விண்டோஸ் தந்ததே இல்லை. உங்கள் அத்தியாயத் தலைப்புகள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நிற்கும். எழுத்துருவை மாற்றி, டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் அடித்து இதைச் சமாளித்த காலம் ஒன்று இருந்தது, அதற்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

இன்னொன்று. வாடிக்கையாளர்கள் மென்பொருளை சர்வரில் பொதுக் கோப்புறையில் வைத்து நான்கு கணினிகளில் ஓட்டுவார்கள்தானே? 2005இல் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, வலைப்பின்னல் கோப்புறையில் இருக்கும் சிஎச்எம் கோப்பைத் திறந்தால் பொருளடக்கம் வரும், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புக்கும் அதே கதை. கோப்பின் பண்புகளுக்குள் போய்த் தடையை நீக்கினால்தான் திறக்கும். இதை ஒவ்வொரு பின்னல் கூடத்துக்கும் நீங்கள் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருப்பீர்கள்.

*

ஆவணக்காரர்:

சென்னையில் தொழில்நுட்ப ஆவணம் எழுதிப் பிழைப்பவன். அலுவலகத்தில் ஃபிளேர் பயன்படுத்துகிறேன், அதைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. ஒருமுறை எழுதிப் பல இடத்தில் பயன்படுத்தும் மாறிகள், துண்டுப் பகுதிகள், ஆளுக்கேற்பக் காட்டி மறைக்கும் நிபந்தனைக் குறிகள் எல்லாம் அதில் அழகாக இருக்கின்றன. பத்துப் பேர் எழுதி, ஒரே மூலத்திலிருந்து ஐந்து வகை வாடிக்கையாளர்களுக்கு ஐந்து கையேடு எடுக்கும் இடத்தில் அதற்குக் கொடுக்கும் பணம் தகும். சந்தா வருடத்துக்கு லட்சம் ரூபாயைத் தாண்டும். உங்கள் முதலாளியிடம் அந்தத் தொகையைச் சொல்லிவிடாதீர்கள், வயதானவராக இருக்கலாம்.

ஹெல்ப்என்டாக்கின் இலவசப் பதிப்பு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். விற்பனை மென்பொருளுக்கு உரிமம் வாங்கியாக வேண்டும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் 'இலவசம்' என்று பரிந்துரைப்பவர்கள் ஏராளம். ஹெல்ப் அண்ட் மேனுவலும் ஹெல்ப்என்டாக்கும் விண்டோஸில் வேர்ட் போலவே எழுதக்கூடியவை, எஃப்1 இணைப்புக்கு ஏற்பாடு உள்ளேயே உண்டு. வேர்ட் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்பவராக நீங்கள் இருந்தால் இந்த இரண்டில் ஒன்றைச் சோதனைப் பதிப்பாக இறக்கிப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் விற்பவரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: நான் எழுதும் எழுத்து உன் கருவிக்குள் எந்த வடிவத்தில் உட்காருகிறது? நாளைக்கு உன்னை விட்டுப் போனால் என்னோடு எது வரும்? முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்தில், மூலம் முழுவதும் தன் சொந்த வடிவத்தில் பூட்டி வைத்துக்கொள்ளும் ஒரு சந்தாக் கருவியில் இருந்தது. பெயர் வேண்டாம். செலவைக் குறைக்கிறேன் என்று நிதிப் பிரிவு சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டது. எங்களிடம் மிஞ்சியது கடைசியாக வெளியிட்ட பிடிஎஃப் மட்டுமே. அதிலிருந்து பத்தி பத்தியாக நகல் எடுத்து ஒட்டினோம். அட்டவணைகள் எல்லாம் ஒரே வரியாகச் சரிந்து வந்தன. நியாயமாகச் சொன்னால் ஃபிளேர் இந்த வகையில் நல்லது, அதன் கோப்புகள் எக்ஸ்எச்டிஎம்எல் என்ற வலைப்பக்க வடிவம், எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கும். ஆகவே விலை குறைவா அதிகமா என்பதை இரண்டாவதாகப் பாருங்கள்.

*

நாஞ்சில் நிரலர்:

மேலே அண்ணன் சொன்ன கேள்வியை வைத்துப் பார்த்தால் பதில் வெறும் உரைக் கோப்புதான். மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையில் எழுதி எம்கேடாக்ஸ் என்ற கருவி கொண்டு வலைத்தளமாக்குங்கள், அதற்கு மெட்டீரியல் என்ற அலங்காரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். காசு கிடையாது. மார்க்டவுனை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்: தலைப்புக்கு முன்னால் ஒரு வேலிக்குறி (#), பட்டியலுக்கு ஒரு கோடு, தடித்த எழுத்துக்கு இரண்டு நட்சத்திரம். உங்களுக்கு நிரல் தெரிய வேண்டாம். முதல் நாள் நிறுவித் தர மட்டும் அந்த மூவரில் ஒருவர் உட்கார வேண்டும்.

தமிழில் மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது தேடல். எம்கேடாக்ஸின் தேடலுக்கு அடியில் லூனர் என்ற நூலகம் இருக்கிறது. அதன் இயல்பான அமைப்பு ஆங்கில எழுத்து அல்லாத எதையும் சொல்லின் இரு ஓரங்களிலிருந்தும் சீவி எறியும். 'ரசீது' முழுக்கவே அதற்கு ஓரம்தான், ஆகவே சொல்லே மிஞ்சாது. பக்கத்தில் கண்ணெதிரே ரசீது இருக்கும், தேடினால் ஒன்றுமில்லை என்று வரும். அமைப்புக் கோப்பில் தேடல் மொழியாக ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்த்தால் சரியாகிவிடும். பிறகும் வேற்றுமை உருபு தொல்லை கொடுக்கலாம்: 'ரசீது' என்று தேடுபவருக்கு 'ரசீதை' என்று மட்டும் எழுதியிருக்கும் பக்கம் கிடைக்காமல் போகலாம். நான் ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலும் அந்தப் பெயரை உருபு ஒட்டாமல் ஒருமுறை எழுதிவிடுகிறேன். 'பில்', 'இன்வாய்ஸ்', 'விற்பனைச் சீட்டு' என்று ஆட்கள் வாயில் வருவதையும் அதே வரியில் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது தலைப்புகளின் முகவரி. பக்கத்துக்குள் இருக்கும் தலைப்புக்குக் கருவி தானாக ஒரு பெயர் சூட்டும். ஆங்கிலம் அல்லாததை நீக்கிவிட்டுச் சூட்டுவதால், தமிழ்த் தலைப்புகள் அடிக்கோடு 1, அடிக்கோடு 2 என்று வரிசை எண் ஆகிவிடும். நடுவில் புதுத் தலைப்பு ஒன்றைச் செருகினால் கீழே உள்ள எல்லா எண்ணும் ஒன்று நகரும். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய பழைய இணைப்பு 'கிரெடிட் நோட்' என்று சொல்லி 'டெபிட் நோட்'டில் கொண்டுபோய் இறக்கும். தலைப்புக்கு நீங்களே ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் கொடுக்கும் வசதி இருக்கிறது, முதல் நாளே அதைச் செய்யுங்கள். கோப்பின் பெயரும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். தமிழில் வைத்தால் முகவரியில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது குறிகளாக நீளும். 'ரசீது' (ர, ச, ஈ-குறி, த, உ-குறி என ஐந்து) மட்டும் 45 குறி.

வரி விகிதத்துக்கு மேக்ரோஸ் என்ற செருகுநிரல். அமைப்புக் கோப்பில் 'ஆடை_மேல்வரி: 18' என்று ஒருமுறை எழுதிவிட்டு, பக்கங்களில் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். படங்களுக்குள் இருக்கும் எண்ணை எந்தக் கருவியும் மாற்றாது. ஆகையால் விகிதம் தெரியாதபடி படத்தைக் கத்தரியுங்கள். திரைப் படம் எடுத்துக் கத்தரிக்கக் கிரீன்ஷாட் என்ற கருவி போதும், அதுவும் இலவசம்.

இணையம் இல்லாத இடத்துக்கு: எச்டிஎம்எல் கோப்பை வட்டிலிருந்து நேரே திறந்தால் உலாவி பாதுகாப்புக் காரணமாகத் தேடல் அட்டவணையைப் படிக்க விடாது. பக்கம் வரும், தேடல் செத்திருக்கும். மெட்டீரியலில் ஆஃப்லைன் என்ற செருகுநிரலை இயக்கினால் அந்தச் சிக்கல் தீரும்.

ஒரு தகவலையும் மறைக்கக் கூடாது. மெட்டீரியல் குழுவினர் 2025 நவம்பரில் ஜென்சிகல் என்ற புதிய கருவியை அறிவித்தார்கள், மெட்டீரியல் இனிப் பராமரிப்பில் மட்டும் இருக்கும். பழைய அமைப்புக் கோப்பையே ஜென்சிகலும் படிக்கிறது. உங்கள் எழுத்து மார்க்டவுனில் இருப்பதால் எனக்கு இதில் பெரிய கவலை இல்லை.

*

விக்கிப் பித்தன்:

தொலைபேசி எடுக்கும் அம்மாவிடம் அமைப்புக் கோப்பு, செருகுநிரல், நெளிவு அடைப்புக்குறி என்று பேசுகிறீர்களே, நியாயமா? டோக்குவிக்கி போடுங்கள். 2004லிருந்து இருக்கிறது, தரவுத்தளம் தேவையில்லை, பக்கங்கள் சாதாரண உரைக் கோப்புகளாகத்தான் சேமிக்கப்படுகின்றன, மலிவான வலை இடத்திலும் ஓடும். உலாவியில் 'திருத்து' அழுத்தி எழுதிச் சேமித்தால் அந்த நொடியே வாடிக்கையாளருக்குத் தெரியும். வேர்ட் போல இருக்க வேண்டும் என்றால் புக்ஸ்டாக். நிறுவித் தரும் இரண்டு பேரும்கூட அங்கிருந்தே தவறைத் திருத்தலாம். உதவிப் பக்கங்கள் சாவது கருவியால் அல்ல. திருத்துவது சிரமம் என்பதால் ஒருவரும் திருத்தாமல் விடுவதால்.

*

நாஞ்சில் நிரலர்:

திருத்தும் சுலபத்தில் நீங்கள் சொல்வது சரி, சண்டை இல்லை. இணையம் இல்லாத பின்னல் கூடத்தில் விக்கியை எப்படி ஓட்டுவீர்கள்? ஒவ்வொரு இடத்திலும் வலை வழங்கி நிறுவச் சொல்வீர்களா? மென்பொருளின் பதிப்பு எண்ணோடு உதவியும் சேர்ந்து போக வேண்டிய இடம் இது. பழைய பதிப்பு வைத்திருப்பவருக்குப் புதிய திரையின் படத்தைக் காட்டினால் அவர் முதலில் கூப்பிடுவது அம்மாவைத்தான்.

*

ஆவணக்காரர்:

ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவியை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்தேன். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காகப் பிறந்தது, 2008லிருந்து இருக்கிறது, குறுக்குச் சுட்டுகளில் அதற்கு ஈடில்லை, வட்டிலிருந்து திறந்தாலும் அதன் தேடல் வேலை செய்யும். உங்கள் வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காரணம் தமிழ். அது சொற்களைப் பிரிக்கும் முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்தாகக் கணக்கில் வருவதில்லை. 'ரசீது' அதற்கு 'ரச', 'த' என்று இரண்டு துண்டு. தேடினால் சம்பந்தமில்லாத பக்கங்களெல்லாம் வந்து நிற்கும். பிடிஎஃப் எடுக்க அதன் இயல்பான லேடக் என்ற அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கும் தமிழ் தெரியாது, ஸீலேடக்குக்கு மாற்றி நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் காட்ட வேண்டும்.

பிடிஎஃப் எந்தக் கருவியில் எடுத்தாலும் 'கொ', 'ஸ்ரீ', 'கௌ' வரும் ஒரு பக்கத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். கொம்பு பிரிந்து தனியே நின்றால் அந்தக் கருவியை அன்றே விட்டுவிடலாம். குரோம் உலாவியில் அச்சிடு கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் ஒழுங்காக வரும், பெரியவர்களுக்கு அது போதாதா?

*

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. நாஞ்சில் தம்பி சொன்னபடி நிரலரைப் பக்கத்தில் உட்கார வைத்து எம்கேடாக்ஸ் நிறுவி, ஜாப் ஒர்க் பகுதியை மட்டும் எழுதிப் பார்த்தேன்: நூல் பின்னலுக்குப் போவது, துணி சாயத்துக்குப் போவது, காம்பாக்டிங், தையல், திரும்பி வந்த எடையில் குறைவு எழுதுவது. தமிழ் சேர்க்காமல் தேடிப் பார்த்தேன், 'செலான்' கிடைக்கவில்லை. சேர்த்தேன், கிடைத்தது. நிரலருக்கு ஆச்சரியம், எனக்கு இல்லை. நான்தான் இதைப் படித்துவிட்டுப் போனேனே. விகிதத்தை அமைப்புக் கோப்பில் 18க்குப் பதில் 81 என்று வேண்டுமென்றே மாற்றினேன், மூன்று பக்கத்திலும் 81 வந்து நின்றது.

விக்கி ஐயா, என் மேல் அக்கறைக்கு நன்றி. நெளிவு அடைப்புக்குறி எனக்குப் பயமாக இல்லை. எங்கள் மென்பொருளின் ஜிஎஸ்டி திரையைப் பார்த்திருந்தால் நீங்களும் எதற்கும் பயப்பட மாட்டீர்கள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, வேர்ட் கோப்பை பாண்டாக் என்ற மாற்றுக் கருவி கொண்டு மார்க்டவுன் ஆக்கினோம். பிற்பாதி அருமையாக வந்தது, படங்கள்கூடத் தனிக் கோப்புறையில் வந்தன. முற்பாதி முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. அதைத் திரும்ப அடிக்க வேண்டுமா? இரண்டு, எஃப்1 அழுத்தினால் பக்கம் திறக்கிறது, ஆனால் பக்கத்துக்குள் நாங்கள் குறிப்பிட்ட தலைப்புக்குப் போகாமல் உச்சியிலேயே நிற்கிறது. உலாவியில் அதே முகவரியைக் கையால் அடித்தால் சரியாகப் போகிறது. நிரலர் கையைப் பிசைகிறார்.

*

அந்தக்கால விண்டோஸ்:

அடிக்க வேண்டாம் அம்மா. பாமினியில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றைத் தமிழ் உருவமாகக் காட்டிக்கொண்டிருந்தது. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவசக் கருவியில் பாமினியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். ஓர் எச்சரிக்கை: நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருக்கும், ஜிஎஸ்டி, எச்எஸ்என் மாதிரி. மொத்தமாக மாற்றினால் அவையும் தமிழாகிக் கோரமாக நிற்கும். வேர்டின் தேடி மாற்றும் வசதியில் எழுத்துருவை வைத்துத் தேட முடியும். ஆங்கில எழுத்துருவில் இருப்பவற்றை முதலில் கண்டுபிடித்து வண்ணம் அடித்து வைத்துக்கொண்டு, பாமினிப் பகுதிகளை மட்டும் நகல் எடுத்து மாற்றுங்கள்.

*

நாஞ்சில் நிரலர்:

இரண்டாவதற்கு நான். வட்டில் இருக்கும் எச்டிஎம்எல் கோப்பை நிரலிலிருந்து விண்டோஸிடம் கொடுத்துத் 'திற' என்று சொன்னால், முகவரியில் வேலிக்குறிக்குப் பிறகு வரும் பகுதியை அது வழியிலேயே உதிர்த்துவிடும். உலாவிக்குக் கோப்பின் பெயர் மட்டும்தான் போய்ச் சேருகிறது. உலாவி நிரலையே பெயர் சொல்லி அழைத்து முகவரியைக் கொடுக்கலாம், ஆனால் எந்தக் கணினியில் எந்த உலாவி என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

அதைவிட ஒரு திரைக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிடுங்கள். கோப்பின் பெயர் நிரலில் அந்தத் திரைக்கு இருக்கும் எண்ணாகவே இருக்கட்டும், அப்போது எது எதற்கு என்று தனி அட்டவணை வைத்துப் பராமரிக்கத் தேவையில்லை. பக்கம் எழுதாத திரையில் எஃப்1 அழுத்தினால் பிழைச் செய்தி வராமல் முகப்புப் பக்கம் திறக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எந்தத் திரையில் அப்படி நடந்தது என்று ஓர் உரைக் கோப்பில் குறித்து வைக்கவும் சொல்லுங்கள். நிறுவித் தருபவர்கள் அடுத்த முறை போகும்போது அதை எடுத்து வந்தால், அடுத்து எந்தப் பக்கத்தை எழுதுவது என்று நீங்கள் யோசிக்க வேண்டியிருக்காது.